ஏழாம் வரிசையில் ஒரு மூடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பாகப் பிறந்தது. நைல் கரையிலுள்ள கரூப் என்ற கிறித்தவ மடத்தின் கட்டட வரலாறு பற்றிய எங்கள் ஆய்வறிக்கையில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில், கண் வலிக்கிற பொடி எழுத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது: “இச்சுவரைத் தானே கட்டியதாக உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கூறுகிறார்.” எங்கள் குழுத் தலைவர் டாக்டர் லபீப் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: “நகைச்சுவைக்கு இங்கே இடமில்லை.”

அவர் சொன்னது சரி. இடமே இல்லைதான், மீதி நூற்றுப் பதினொரு பக்கத்தையும் அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

அறிக்கையில் கையெழுத்து டாக்டருடையது. எழுதியது நான். ரேடார் வண்டியைத் தள்ளியதும் நான். நான்கு சக்கரம், ஒரு கைப்பிடி, நடுவில் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி. பெட்டி மண்ணுக்குள் அலையை அனுப்பும். உள்ளே எதிலாவது முட்டித் திரும்பும் அலை திரையில் கோடாக விழும். ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்தால், “வண்டி இருக்கு, பிள்ளை எங்கப்பா?” என்று கேட்பார்கள். பதினான்கு வருடமாக வெறும் வண்டியைத் தள்ளுகிறவனுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

2

தொடக்கம் ஒன்று:

“நைல் நதியின் மேற்குக் கரையில், பொன்னிறப் பாலைவனத்தின் மடியில், காலத்தை வென்ற ஒரு —”

[வேண்டாம். பாலைவனத்தைப் பொன்னிறம் என்று எழுதுகிறவன் மத்தியானத்தில் அங்கே வண்டி தள்ளியதில்லை.]

தொடக்கம் இரண்டு:

“மக்காரி மேஸ்திரி எளிய மனிதர். பேச்சு குறைவு. அவர் கைகள்தான் —”

[இதுவும் வேண்டாம். இதைப் படித்துக் காட்டினால் முதலில் சிரிக்கிறவள் அவருடைய அக்கா இரீனியாகத்தான் இருப்பாள்.]

தொடக்கம் மூன்று:

“கட்டாததையெல்லாம் கட்டினேன் என்று நாற்பது வருடம் சொல்லித் திரிந்த ஒருவர், உண்மையிலேயே கட்டிய ஒரு சுவரைத் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் நின்றார்.”

இது நிற்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டேன், கோணல் இல்லை.

மக்காரிக்கு அறுபத்தெட்டு வயது. மீசையில் பாதியும் பேச்சில் முக்காலும் அளவுக்கு மீறியவை. கால்வாய்க்கு அக்கரை மசூதியின் மினார் அவர் எழுப்பியதாம். மாவட்டத் தலைநகரின் பாலம் அவர் போட்டதாம். ஆயரின் மாளிகைப் படிக்கட்டில் கால் வைக்கிற ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு நன்றி கடன்பட்டவர்களாம். பிரமிடுகளை மட்டும் விட்டுவைத்தார். “அது கல்லு வேலை, நமக்கு மண்ணுதான்,” என்று பெருந்தன்மையாக. புலி வருது, புலி வருது என்று இப்படி ஆயுசு முழுக்கக் கூவியவர் வாசலில்தான் ஒருநாள் நிஜப் புலி வந்து நின்றது.*

* இங்கே புலி கிடையாது, நரிதான் உண்டு. நரி வருது என்றால் யார் பயப்படுகிறார்கள்?

3

புலி என்பது மடத்தின் வடக்குச் சுவர்.

1987 பெருநோன்புக் காலத்தில் மலையிலிருந்து ஒரே ஒரு மணி நேரம் வெள்ளம் இறங்கியது. தொள்ளாயிரம் வருடம் நின்ற சுவர் படுத்துக்கொண்டது. தொல்லியல் ஆபீஸில் அனுமதி கேட்டால் தன் பேரன் காலத்தில்தான் கிடைக்கும் என்று அப்போதைய மடாதிபதி கணக்குப் போட்டார். அவருக்குப் பேரன் இருக்க வாய்ப்பில்லை என்பதால் யாரிடமும் சொல்லாமல் மக்காரியைக் கூப்பிட்டார். பத்தொன்பது நாளில் சுவர் எழுந்தது. எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அன்றைக்கு இருந்த துறவிகளில் பாதிப்பேர் மண்ணுக்குள். மீதி வேறு மடங்களில்.

கரூப் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் சுவரில் ஒருமுறை இருந்த செங்கல்லை மாட்டுக் கொட்டிலுக்கோ வீட்டுக்கோ எடுக்கக் கூடாது. ஜெபம் கேட்ட கல் என்பார்கள். விழுந்தால் மறுபடி கோயில் சுவருக்கே போக வேண்டும். உடைந்த துண்டுகூட மடத்தின் நிலத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே மக்காரி அதே சுடாத செங்கற்களை அடுக்கி, அதே பழைய மண்ணைக் குழைத்துச் சாந்தாக்கிக் கட்டினார். உடைந்த துண்டுகளைக் கொண்டு, சுவரின் மூலையிலிருந்து மேற்கே தோட்டத்துக்கு ஒரு வாய்க்கால் போட்டார். பிறகு மோட்டார் வந்தது, வாய்க்கால் தூர்ந்தது, தோட்டத்தை மடம் விற்றது. அந்த இடத்தில் இரீனி வீடு கட்டிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து நாங்கள் வந்தோம். செங்கல்லுக்குள் இருந்த வைக்கோலை எடுத்துக் கார்பன் சோதனைக்கு அனுப்பினோம். பதினோராம் நூற்றாண்டு என்று வந்தது. வைக்கோல் பொய் சொல்லவில்லை. “நீ எப்போது அறுபட்டாய்?” என்று கேட்டோம், சொன்னது. “இந்தச் சுவருக்கு எப்போது வந்தாய்?” என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கோல் என்ன, பேராசிரியரா?

அப்புறம் நான் என் பங்குக்கு எழுதினேன்: “வரிசைகளின் நேர்த்தியும் மூலைக்கட்டின் உறுதியும், இது தேர்ந்த இடைக்காலக் கைகளின் வேலை என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன.”

நான் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, இடைக்காலக் கை இருபதடி தள்ளி உட்கார்ந்து கறுப்புத் தேநீரில் நாலாவது கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தது.

“டாக்டர், அது என் சுவர்,” என்றார் மக்காரி.

“தெரியும் மேஸ்திரி. அந்த மினாரும் உங்களோடதுதானே?”

“அது சும்மா சொன்னது. இது நெசம்.”

“பதினேழு மீட்டர் நீளத்துக்கு ஒரு விரக்கடை கோணல் இல்ல, பாருங்க. இந்தக் காலத்துல யாருக்கு இந்தக் கை வரும்? அவங்க கட்டும்போதே ஜெபம் பண்ணிக்கிட்டே கட்டினவங்க.”

“நான் கெட்ட வார்த்தை பேசிக்கிட்டே கட்டினேன் டாக்டர். ஆனா கோணல் வராது.”

டாக்டர் அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். மக்காரி அங்கேயே நின்றார். தன் வேலையை யாரும் இந்த அளவுக்குப் புகழ்ந்து அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தப் புகழோ அவர் தலைக்கு மேலே பறந்து, தொள்ளாயிரம் வருடம் பின்னால் போய், யாரோ ஒரு துறவியின் மடியில் விழுந்தது. கோபப்படுவதா பூரிப்பதா என்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

(அவர் மனசுக்குள் நடந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையே திரையில் விழுந்த கோட்டைப் பார்த்து இட்டுக்கட்டுகிறவர்கள் நாங்கள். ஒரு கொத்தனாரின் மனசு எம்மாத்திரம்?)

ஊர்ப் பெரியவர்களையும் விசாரித்தோம். “சுவர் விழுந்துச்சு, நெசந்தான். யாரோ எடுத்துக் கட்டுனாங்க. மக்காரியா? அவன் கட்டினேன்னு சொன்னா அது கண்டிப்பா வேற யாராவதுதான்.”

4

இதுவரை வாசித்தவர்கள், “சரி, சுவர் யார் கட்டினால் என்ன?” என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது ஒரு சௌகரியமான நினைப்பு.

அந்தச் சுவர் பழையது என்றால், அதன் மூலையிலிருந்து மேற்கே மண்ணுக்கடியில் ரேடார் காட்டிய கோடு, மடத்தின் தொலைந்துபோன வெளிமதில். மதில் என்றால் அதன்மேல் நிற்பது எல்லாம் தொல்லியல் நிலம். நிற்பது ஒரே ஒரு வீடு. மூன்று அறை, வெயிலில் மாவு புளிக்கவைக்க ஒரு முற்றம், கூரையில் புறாக்கூடு. முப்பது நாளில் காலி செய்யச் சொல்லித் தொல்லியல் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தில் என் வாக்கியம் மேற்கோள் குறிக்குள் இருந்தது. ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்பதன்கீழ் யாரோ கோடும் போட்டிருந்தார்கள்.

சுவர் மக்காரியுடையது என்றால் அந்தக் கோடு வெறும் வாய்க்கால். வீடு வீடாகவே இருக்கும்.

அந்தக் கடிதத்தை வைத்து அடுப்பை விசிறிக்கொண்டே இரீனி கேட்டாள்: “ஏன்டா மக்காரி, ஊருல இருக்கிறதெல்லாம் நீ கட்டினதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்ச. இப்ப என் வீட்டுக்கு அடியிலயும் என்னமோ கட்டி வெச்சிருக்கியாமே?”

“அது வாய்க்கால்க்கா.”

“அதை அவங்ககிட்டச் சொல்லு.”

“சொல்லிட்டேன்.”

“உன் வாயாலயா? போச்சு. அரைகுறைச் சந்தேகம் இருந்திருந்தாலும் இப்ப மதில்தான்னு முடிவே பண்ணிருப்பாங்க.”

நான் வண்டிக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். எனக்கும் ஒரு வெயில் ரொட்டியை நீட்டினாள். “நீயும் தின்னுப்பா. வீட்டை இடிக்கிறதுன்னாலும் வயித்துல பலம் வேணும்ல.”

5

மறுநாள் மக்காரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஏழாவது வரிசையில ஒரு சாமான் இருக்கு. அதைப் பார்த்தா யாரும் பதினோராம் நூற்றாண்டுன்னு சொல்ல மாட்டான்.”

[முதல் வரைவில் இந்த இடத்தில் இரீனியின் குழந்தையுடைய கைத்தடம் பதிந்த ஒரு பச்சைச் செங்கல்லை வைத்தேன். அந்தக் குழந்தையை ஒன்பது வயதில் காய்ச்சலில் சாகவும் அடித்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, அலெக்சாண்டிரியாவில் பல் மருத்துவம் பார்க்கிறாள். உள்ளே இருந்தது ஒரு மூடி.]

பானை மூடி. நீலப் பீங்கான் பூச்சுப் போட்ட இரும்பு, வெள்ளை விளிம்பு, நடுவில் கறுப்புக் குமிழ். இரீனி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பானைக்கு உரியது. சுவர் வேலை நடந்த நாட்களில் தினமும் அதில்தான் தம்பிக்கு பிஸாரா வரும்: மொச்சையும் கீரையும் மசித்த நோன்புக் கூழ். ஒருநாள் மக்காரியின் சாந்துப் பலகையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட, அவர் அந்த மூடியைக் கவிழ்த்து அதில் சாந்து அள்ளினார். பானையை எடுக்க வந்த இரீனி பார்த்துவிட்டாள்.

“சோத்து மூடியில சேறு குழைக்கிறவன் மேஸ்திரியா, கோமாளியா?” என்று, வேலை முடிந்ததும் ஊர் ஊராகச் சிதறிப்போன பதினொரு வெளியூர் ஆட்கள் நடுவே கேட்டாள். பதினொரு பேரும் சிரித்தார்கள். கூலியாட்கள் சிரிப்பை எந்த மேஸ்திரி தாங்குவான்? அவள் தலை மறைந்ததும் மூடியை ஏழாம் வரிசையின் நடுவில் வைத்துச் சாந்தை அப்பி எட்டாம் வரிசையை ஏற்றிவிட்டார். அக்காவிடம், கழுதை மிதித்து நசுக்கிவிட்டது என்றார். அன்றிலிருந்து அந்தப் பானையை ஒரு தட்டுதான் மூடுகிறது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி!”

“சொன்னா அக்காவுக்குத் தெரிஞ்சிடுமே.”

“அவங்க வீடே போகப்போகுது!”

“வீடு போனா என் வீட்டுக்கு வந்து இருப்பா. மூடி விஷயம் தெரிஞ்சா, என் வீட்டுக்கே வந்து உக்காந்து திட்டுவா. நீ ஒருத்தன்தான் இதை யோசிச்சுப் பார்க்கல.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அக்கா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

6

டாக்டரிடம் போனேன். அவர் என்னை ஆபீஸுக்கு அனுப்பினார். ஆபீஸில் சொன்னார்கள்: சுவர் பழமையானது, ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பழமையானது அல்ல என்று நிரூபித்தால் எடுக்கலாம். எப்படி நிரூபிப்பது? உள்ளே இருப்பதை எடுத்துக் காட்டலாம். எடுக்கலாமா? பழமையானது, எடுக்கக் கூடாது. அந்த அதிகாரிக்கு இதில் சிரிப்பதற்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் எனக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் புத்தி வந்தது. பதினான்கு வருடமாகத் தரையையே பார்த்து நடந்தவனுக்கு நிமிர்ந்து சுவரைப் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை. துறவிகள் மத்தியான ஓய்வில் இருந்த நேரம், பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி, கையில் தூக்கி, ஏழாம் வரிசை நெடுகச் சுவரோடு ஒட்டி நகர்த்தினேன். மக்காரி திரையைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது மீட்டரில் திரையில் ஒரு வளைவு விழுந்தது. இரண்டு பக்கமும் தொங்கிய தடித்த மீசை.

“இது என்னய்யா?”

“உலோகம் இருந்தா இப்படித்தான் விழும். வட்டமா, ஒன்றரைச் சாண் அகலம்.”

மக்காரி தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்ன ஒன்றை இன்னொன்று ஆமோதித்திருந்தது. அது ஓர் ஆரஞ்சுப் பெட்டி.

டாக்டரிடம் திரையைக் காட்டினேன். அவர் முகம் விழும் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்தது.

“உலோகம்! பதினோராம் நூற்றாண்டுச் சுவருக்குள்ள!”

மடத்தின் நிர்வாகம் பார்க்கிற பாதிரியார் அபூனா பிஸெந்தி ஓடி வந்தார். “வட்டமாவா? ஒன்றரைச் சாணா? ஐயா, அது அப்பத் தட்டு! பூசையில திருவப்பம் வைக்கிற தட்டு. கொள்ளைக்காரனுக்குப் பயந்து சுவத்துல ஒளிச்சிருக்காங்க. வெள்ளியாத்தான் இருக்கும்.”

“அபூனா, அது எங்க அக்கா —” என்று மக்காரி ஆரம்பித்தார்.

“இருங்க மேஸ்திரி. புனிதமான நேரத்துல அக்காவை இழுக்காதீங்க.”

சாயங்கால ஜெபம் முடிவதற்குள் தட்டில் கல்வெட்டு எழுத்து வந்துவிட்டது. மறுநாள் காலையில் அதை ஒளித்த துறவிக்குப் பெயரும் வந்தது. நாலே நாளில் சுவரைத் திறக்க அனுமதியும் வந்தது. உண்மைக்குத் திறக்காத சுவர் வெள்ளிக்குத் திறந்தது.

திறப்பது யார்? டாக்டர் தாடையைச் சொறிந்தார். “இடைக்கால வேலை. பக்கத்துக் கல் அசையாம ஒண்ணை மட்டும் உருவ இந்த வட்டாரத்துல ஒரே ஒரு கைதான் இருக்கு.”

மக்காரிக்கு ஆள் அனுப்பினார்.

7

அந்த நாள் காலை பத்து மணி. ஆயர் வந்திருந்தார். தூபம் புகைந்தது. ஆபீஸ்காரர் ஒரு காகிதக் கட்டோடு நின்றார். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, டாக்டர் வெள்ளைக் கையுறை போட்டுக் காத்திருந்தார். மக்காரி சுவரைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு உளியைச் சாந்துக் கோட்டில் வைத்தார். கல் அவர் வீட்டுப் பெட்டியின் இழுப்பறையைப் போல வெளியே வந்தது.

“பார்த்தீங்களா, எவ்வளவு லாவகமா வருது! அந்தக் காலத்துக் கட்டுமானம்!” என்றார் டாக்டர், ஆயரிடம்.

அப்போதுதான் மக்காரி அவளைப் பார்த்தார். இரீனி தலையில் பானையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பானையின் மேல் தட்டு.

“கையை விடுங்க மேஸ்திரி,” என்றார் அபூனா பிஸெந்தி.

விட்டார். முழங்கை வரை உள்ளே போயிற்று.

இங்கே நிறுத்துகிறேன். எனக்கு மூன்று முடிவுகள் இருந்தன.

அ: மூடி வருகிறது. எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். [தவறு பிடிபட்ட அறிஞர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாயடைப்பதில்லை, அதைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதுகிறார்கள்.]

ஆ: நிஜமாகவே வெள்ளித் தட்டு வருகிறது. மக்காரி ஆயுசு முழுக்கப் புளுகர்தான். [எழுதிப் பார்த்தேன். “அந்தத் தட்டை அடிச்சதே நான்தான்” என்று மக்காரி ஆரம்பித்துவிட்டார். கிழித்துப் போட்டேன்.]

இ: மூடி வருகிறது. அபூனா முத்தமிடுகிறார். நீலப் பூச்சு அரிய இடைக்காலக் கலை ஆகிறது. கண்ணாடிப் பெட்டி, விளக்கு, வரிசையில் பக்தர்கள். இரீனிக்கு வீடும் போயிற்று, மூடியும் போயிற்று. [இதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன். ஆகவே இதை எழுதப்போவதில்லை.]

8

கதையில் நடந்தவரைக்கும் சொல்கிறேன்.

“என்ன தட்டுப்படுது மேஸ்திரி?” என்றார் டாக்டர்.

மக்காரி டாக்டரைப் பார்க்கவில்லை. ஆயரையும் பார்க்கவில்லை. கை சுவருக்குள் இருக்க, கழுத்தைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

“அக்கா. அன்னைக்கு அந்தக் கழுதை…”

“அந்தக் கழுதை அதுக்கு முந்தின வருஷ அறுப்புக்கே செத்துப்போச்சுடா,” என்றாள் இரீனி. “செத்த கழுதை எப்படிடா மூடியை மிதிக்கும்? என்னைக்காவது உன் வாயால வரும்னு முப்பத்தெட்டு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

மக்காரியின் மீசை ஆடியது.

இரீனி நேரே மேசைக்குப் போனாள். வெள்ளித் தட்டுக்காக விரித்திருந்த வெள்ளைத் துணியின் நட்டநடுவில் பானையை இறக்கி வைத்தாள். மேலிருந்த தட்டை எடுத்தாள். பிஸாராவின் ஆவி தூபத்தோடு கலந்தது. “உள்ள இருக்கிறது எதுவா இருந்தாலும் கொண்டாங்க, இதுல வெச்சுப் பார்ப்போம்,” என்றாள்.

நான் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் இவ்வளவு சுத்தமான ஆய்வுமுறை கிடையாது. ஒரு பானைக்கு அதன் மூடிதான் பொருந்தும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இங்கே அந்த உலை வாய் பொருந்தி மூடிக்கொண்டால் போதும். ஊர் வாய், மடத்தின் வாய், டாக்டர் வாய், என் வாய் எல்லாம் கூடவே மூடும்.

பொருந்தியதா என்று கேட்கிறீர்கள். அந்தச் சுவரைப் பற்றி ‘ஐயத்துக்கு இடமின்றி’ நான் ஏற்கெனவே ஒரு வாக்கியம் எழுதினேன். அது நேராகப் போய் ஒரு பெண்ணின் வீட்டுக்கு அடியில் நுழைந்தது. இரண்டாவது ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

மக்காரியின் கை உள்ளேதான் இருக்கிறது. விரல்கள் எதையோ பிடித்திருக்கின்றன. இனி நீங்கள்தான் வெளியே இழுக்க வேண்டும். மெதுவாக, எட்டாம் வரிசை சரிந்துவிடக் கூடாது, அவ்வளவு நேர்த்தியான வேலை அது. ஆனால் ரொம்பவும் மெதுவாக வேண்டாம்.

பானை திறந்திருக்கிறது. பிஸாரா ஆறுகிறது.